ஹைராக்ஸ் முடிவுப் பட்டியலைப் படிப்பது எப்படி? ஒரு வீரரின் பந்தயத்தை அலசுவதற்கான முழுமையான வழிகாட்டி

ஓட்டமும் ஸ்டேஷன் எனப்படும் உடற்பயிற்சிக் கட்டங்களும் மாறி மாறி வரும் ஹைராக்ஸ் பந்தயத்தில் ஒருவர் எங்கே நேரத்தை இழந்தார் என்பதை முடிவுப் பட்டியலே சொல்லிவிடும். ஏன் இழந்தார் என்பதை அது சொல்லாது. கடைசி ஸ்டேஷனான வால் பாலில் (குந்தி எழுந்து சுவரில் உள்ள இலக்கை நோக்கிப் பந்தை எறிவது) பந்தைத் தூக்க முடியாமல் திணறியவரின் சிக்கல் முதல் கிலோமீட்டரிலேயே தொடங்கியிருக்கலாம். இதைக் கவனிக்காமல் "வால் பாலில் நீ பலவீனம்" என்று முடிவு கட்டி, மூன்று மாதம் வால் பால் மட்டும் எறிய வைக்கும் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். உழைப்பு அத்தனையும் தவறான இடத்தில் போய்ச் சேர்கிறது. நேரம் தொலைந்த இடத்திலிருந்து அதற்குக் காரணமான இடத்துக்குப் பின்னோக்கி நடக்கும் முறையைத்தான் இங்கே படிப்படியாக விளக்குகிறேன். உங்கள் சொந்தப் பந்தயத்துக்கும் நீங்கள் பயிற்சி தரும் ஒருவரின் பந்தயத்துக்கும் இதே முறை பொருந்தும்.

பந்தயத்தின் அமைப்பு

ஜெர்மனியில் 2017-இல் கிறிஸ்டியான் டோட்ஸ்கேவும் மோரிட்ஸ் ஃபூர்ஸ்டேவும் உருவாக்கிய போட்டி இது. ஃபூர்ஸ்டே 2008 பெய்ஜிங், 2012 லண்டன் ஒலிம்பிக் இரண்டிலும் ஜெர்மனியின் ஹாக்கி அணியோடு தங்கம் வென்றவர். முதல் பந்தயம் 2018-இல் ஹாம்பர்க்கில் நடந்தது. இந்தியாவுக்கு 2025 மே மாதம் மும்பை வழியாக வந்தது. அதே ஆண்டு ஜூலையில் டெல்லியிலும் நடந்தது.

உலகின் எந்த நகரமானாலும் வரிசை ஒன்றுதான் என்பது அலசுபவருக்குப் பெரிய வசதி. ஒரு கிலோமீட்டர் ஓட்டம், பிறகு ஒரு ஸ்டேஷன். இப்படி எட்டு முறை. ஸ்டேஷன்கள் முறையே: 1000 மீட்டர் ஸ்கை எர்க் (பனிச்சறுக்குக் கோல்களை இழுப்பது போன்ற கருவி), 50 மீட்டர் ஸ்லெட் (எடை ஏற்றிய சறுக்குச் சட்டம்) தள்ளுதல், 50 மீட்டர் ஸ்லெட் இழுத்தல், 80 மீட்டர் பர்பி தாவல் (தரையில் படுத்தெழுந்து முன்னோக்கித் தாவுவது), 1000 மீட்டர் ரோயிங் (துடுப்பு வலிக்கும் கருவி), 200 மீட்டர் ஃபார்மர்ஸ் கேரி (இரு கைகளிலும் எடை தூக்கி நடப்பது), 100 மீட்டர் சாண்ட்பேக் லஞ்ச் (மணல்மூட்டையைச் சுமந்து, அடிக்கு அடி முழங்காலைத் தரைக்கு இறக்கி நடப்பது), கடைசியாக 100 வால் பால். ஆண்கள் ஓப்பன் பிரிவில் தள்ளும் ஸ்லெட் 152 கிலோ, இழுக்கும் ஸ்லெட் 103 கிலோ. இரண்டு கணக்கிலும் ஸ்லெட்டின் எடை அடக்கம். கேரிக்குக் கைக்கு 24 கிலோ, சாண்ட்பேக் 20 கிலோ, பந்து 6 கிலோ. பெண்கள் ஓப்பனில் இவை முறையே 102, 78, கைக்கு 16, 10, 4 கிலோ. இதைவிடக் கடினமான புரோ பிரிவில் இந்த எடைகள் எல்லாமே கூடும். அதனால் ஓப்பன் நேரத்தையும் புரோ நேரத்தையும் அருகருகே வைத்துப் பேசுவதில் பொருளில்லை.

முதல் படி: எண்களைத் திரட்டுங்கள்

கணுக்காலில் கட்டும் சிப் ஒவ்வொரு நுழைவையும் வெளியேற்றத்தையும் பதிவு செய்கிறது. அதிகாரபூர்வ முடிவுப் பக்கத்தில் எட்டு ஓட்டங்களின் நேரம், எட்டு ஸ்டேஷன்களின் நேரம், ராக்ஸ் ஸோன் நேரம் மூன்றும் கிடைக்கும். ராக்ஸ் ஸோன் என்பது ஓட்டப் பாதைக்கும் ஸ்டேஷன்களுக்கும் இடையே கடக்க வேண்டிய பகுதி. இந்த எண்களை ஒரு தாளிலோ எக்செல் கோப்பிலோ கையால் எழுதிக்கொள்ளுங்கள். படம் எடுத்து வைத்துக்கொண்டால் போதாது. எழுதும்போதுதான் கண்ணில் படாத வித்தியாசங்கள் படும்.

விளக்குவதற்காக ஒரு கற்பனை வீரரை எடுத்துக்கொள்வோம். ஆண்கள் ஓப்பன், மொத்தம் 1 மணி 29 நிமிடம். அவருடைய எண்கள் இவை:

ஓட்டங்கள்: 4:35, 5:00, 5:25, 5:35, 5:40, 5:25, 5:30, 6:05. மொத்தம் 43:15.

ஸ்டேஷன்கள்: ஸ்கை 4:20, ஸ்லெட் தள்ளுதல் 3:10, ஸ்லெட் இழுத்தல் 5:30, பர்பி 5:20, ரோயிங் 4:50, ஃபார்மர்ஸ் கேரி 2:10, லஞ்ச் 5:10, வால் பால் 7:40. மொத்தம் 38:10.

ராக்ஸ் ஸோன்: 7:35.

இவற்றோடு பந்தயத்துக்கு வெளியே எடுத்த ஓர் எண்ணும் கட்டாயம் தேவை: சமீபத்தில் அவர் தனியாக ஓடிய 10 கிலோமீட்டர் நேரம். நம் வீரருக்கு 48 நிமிடம், அதாவது கிலோமீட்டருக்கு 4:48. அந்த ஓட்டம் நல்ல சூழலில் நடந்திருக்க வேண்டும். சென்னையில் மே மாத மாலையில் கடற்கரைச் சாலையில் ஓடிய நேரத்தை அளவுகோலாக வைத்தால், புழுக்கம் அவரை உண்மையைவிட மெதுவானவராகக் காட்டும். ஹைராக்ஸோ பெரும்பாலும் கூரையுள்ள அரங்கில் நடக்கிறது. விடியற்காலை ஓட்டம் ஒன்றின் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: எண்களைச் சந்தேகியுங்கள்

பலரும் தாண்டிப் போகும் படி இது. அரங்கத்துக்கு அரங்கம் ஓட்டப் பாதையின் அமைப்பு மாறும். ஒரு கிலோமீட்டருக்கு இத்தனை சுற்று என்ற கணக்கும் மாறும். தொடக்கக் கோடு இருக்கும் இடத்தைப் பொறுத்து முதல் ஓட்டம் மற்றவற்றைவிடச் சற்றுக் குறைவாகவோ கூடுதலாகவோ அமைவதுண்டு. எனவே முதல் ஓட்டம் வேகமாகத் தெரிந்தால் உடனே குறை சொல்லாதீர்கள். அதே பந்தயத்தில் அவருக்கு முன்னும் பின்னும் முடித்தவர்களின் முதல் ஓட்டத்தைப் பாருங்கள். எல்லோருக்கும் அதே அளவு வேகமாக இருந்தால் காரணம் பாதை. அவருக்கு மட்டும் என்றால் காரணம் அவர்.

ஏதாவது ஓர் ஓட்டம் மட்டும் நம்ப முடியாத அளவுக்குக் குறைந்திருந்தால் ஒரு சுற்று விடுபட்டிருக்கலாம். கூடியிருந்தால் ஒரு சுற்று அதிகம் ஓடியிருக்கலாம். கூட்டமான நேரத்தில் சுற்றுகளைத் தவறாக எண்ணுவது அடிக்கடி நடக்கிறது. தண்டனை நேரம் ஏதும் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். கைக்கடிகாரத்தின் ஜிபிஎஸ் தூரத்தை இந்த வேலைக்கு நம்ப வேண்டாம். இரும்புக் கூரைக்கு அடியில் அது காட்டும் வேகம் வெறும் ஊகம்.

மூன்றாம் படி: அண்டை வீரர்களோடு ஒப்பிடுங்கள்

வென்றவரோடு ஒப்பிட்டால் எல்லா இடத்திலும் நீங்கள் மெதுவாகத்தான் இருப்பீர்கள். அதிலிருந்து கற்க ஒன்றுமில்லை. உலக சராசரி என்று இணையத்தில் சுற்றும் எண்களும் உதவாது. வேறு அரங்கு, வேறு தரைவிரிப்பு, வேறு கூட்டம். பயனுள்ள ஒப்பீடு ஒன்றே ஒன்றுதான். அதே நாளில், அதே பிரிவில், நம் வீரரின் மொத்த நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்னும் பின்னும் முடித்த இருபது பேரை எடுத்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் அவர்களின் நடு எண்ணைக் கண்டுபிடியுங்கள். இருபது நேரங்களை ஏறுவரிசையில் அடுக்கி நடுவில் நிற்கும் இரண்டு எண்களுக்கு இடைப்பட்டதை எடுத்தால் போதும். சராசரி வேண்டாம், ஒருவருக்குக் காலில் தசைப்பிடிப்பு வந்திருந்தாலே சராசரி கெட்டுவிடும்.

இந்த இருபது பேரும் நம் வீரரைப் போலவே ஏறத்தாழ 1:29 எடுத்தவர்கள். எனவே அவர் ஓரிடத்தில் இழந்ததை வேறோர் இடத்தில் ஈட்டியிருந்தாக வேண்டும். அந்த வரவு செலவுதான் அவருடைய உருவப்படம். நம் உதாரணத்தில் அண்டை வீரர்களின் எண்கள் இப்படி இருப்பதாகக் கொள்வோம்: ஓட்டம் மொத்தம் 44:43, ஸ்கை 4:30, தள்ளுதல் 3:10, இழுத்தல் 5:15, பர்பி 5:30, ரோயிங் 4:52, கேரி 2:15, லஞ்ச் 5:20, வால் பால் 6:35, ராக்ஸ் ஸோன் 6:50.

நம் வீரர் ஓட்டத்தில் 88 நொடி முன்னால் இருக்கிறார். ஸ்கை, பர்பி, லஞ்ச் மூன்றிலும் பத்துப் பத்து நொடி முன்னால். வால் பாலில் 65 நொடி, ராக்ஸ் ஸோனில் 45 நொடி, ஸ்லெட் இழுப்பதில் 15 நொடி பின்னால். "ஓட்டம் அருமை, வால் பால் மோசம்" என்று இங்கேயே தாளை மடித்துவைக்கத் தோன்றும். மடித்துவிடாதீர்கள். இதுவரை தெரிந்தது நேரம் தொலைந்த இடம் மட்டுமே.

நான்காம் படி: எட்டு ஓட்டங்களையும் தனித்தனியாகப் படியுங்கள்

மொத்த ஓட்ட நேரம் மிகவும் ஏமாற்றும் எண். அதை மூன்றாக உடையுங்கள்: முதல் ஓட்டம், இரண்டு முதல் ஏழு வரையிலான ஆறு ஓட்டங்கள், எட்டாவது ஓட்டம்.

நம் வீரரின் நடு ஆறு ஓட்டங்களின் சராசரி 5:26. முதல் ஓட்டமோ 4:35. வித்தியாசம் 51 நொடி! அவருடைய 10 கிலோமீட்டர் வேகமே 4:48 என்பதை நினைத்துப் பாருங்கள். இன்னும் எட்டு ஸ்டேஷன்கள் காத்திருக்கும்போது, தனியாக 10 கிலோமீட்டர் ஓடும் வேகத்தைவிட 13 நொடி வேகமாகக் கிளம்பியிருக்கிறார். அண்டை வீரர்களின் முதல் ஓட்டம் 4:58 என்று வைத்துக்கொண்டால், பாதை குறைந்ததுதான் காரணம் என்று சொல்லவும் வழியில்லை. கடைசி ஓட்டத்தில் அவர்கள் 5:57, இவர் 6:05. மொத்தத்தில் நல்ல ஓட்டக்காரர், கடைசியில் தன்னைவிட மெதுவானவர்களிடமே தோற்றிருக்கிறார். முதல் தடயம் இது.

அடுத்து, எந்த ஸ்டேஷனுக்குப் பிறகு எந்த ஓட்டம் வருகிறது என்று பொருத்திப் பாருங்கள். மூன்றாவது ஓட்டம் ஸ்லெட் தள்ளிய கால்களோடு. நான்காவது, ஸ்லெட் இழுத்த பிறகு. ஐந்தாவது, பர்பிக்குப் பிறகு. மூச்சு அடங்காமல் ஓடுவது. ஆறாவது ரோயிங்குக்குப் பிறகு, ஏழாவது கேரிக்குப் பிறகு, எட்டாவது லஞ்சுக்குப் பிறகு. ஐந்தாவது ஓட்டத்தில் பலருக்கும் நேரம் கூடும். அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. ஆறாவதில் மீள்கிறாரா என்பதுதான் கேள்வி. நம் வீரர் 5:40-இலிருந்து 5:25-க்கு மீண்டிருக்கிறார். அவருடைய நுரையீரலும் இதயமும் நன்றாகவே இருக்கின்றன. பிறகு எட்டாவதில் 35 நொடி சரிவு. கால்கள் என்ற சந்தேகம் இங்கே வலுக்கிறது.

ஒட்டுமொத்தமாக ஓர் எண்ணையும் குறித்துவையுங்கள்: எட்டு ஓட்டங்களின் சராசரியான 5:24 அவருடைய 10 கிலோமீட்டர் வேகத்தைவிட சுமார் 12.6 விழுக்காடு மெதுவானது. அடுத்த பந்தயத்தில் இந்த விழுக்காடு குறைந்தால், களைத்த கால்களோடு ஓடும் திறன் கூடியிருக்கிறது என்று பொருள். விழுக்காடு அப்படியே இருந்து நேரம் மட்டும் குறைந்தால், வெறும் ஓட்ட வேகம் கூடியிருக்கிறது. இரண்டும் முன்னேற்றம்தான், ஆனால் அவை வெவ்வேறு பயிற்சியின் பலன்கள்.

ஐந்தாம் படி: கருவிகளின் கணக்கு

ஸ்கை எர்க்கும் ரோயிங் கருவியும் பொய் சொல்லாதவை. இரண்டிலும் சக்திக்கும் வேகத்துக்கும் உள்ள உறவு மும்மடி உறவு. 500 மீட்டருக்கு ஆகும் நேரத்திலிருந்து ஒரு மீட்டருக்கு எத்தனை நொடி என்று கணக்கிட்டு, அதன் மும்மடியைக் கண்டு, 2.8-ஐ அதனால் வகுத்தால் வாட் கிடைக்கும். ஸ்டேஷன் நேரத்தில் ஏறி இறங்கும் நொடிகளும் சேர்ந்திருப்பதால் உண்மையான வாட் இதைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். ஒப்பிடுவதற்கு இது போதும்.

நம் வீரரின் 4:20 என்பது 500 மீட்டருக்கு 2:10. ஏறத்தாழ 159 வாட். அண்டை வீரர்களின் 4:30 என்பது 2:15. ஏறத்தாழ 142 வாட். பத்து நொடி ஈட்ட 12 விழுக்காடு கூடுதல் சக்தி செலவழித்திருக்கிறார். அதுவும் வேகமாக ஓடி முடித்த முதல் கிலோமீட்டரின் உடனடித் தொடர்ச்சியாக! 2:10-இலிருந்து 2:00-க்குப் போயிருந்தால் சக்தி 27 விழுக்காடு கூடியிருக்கும். மிச்சமாவது வெறும் 20 நொடி. ஸ்கை எர்க்கில் வீரம் காட்டுவதை நான் ஒருபோதும் ஆதரிப்பதில்லை. இந்தக் கருவிகளில் வேகத்தின் விலை அதிகம். அடக்கிப் போனால் இழப்பதோ சொற்பம். ரோயிங்கில் அவர் 4:50, ஏறத்தாழ 115 வாட். அங்கே அடக்கமாக இருந்ததன் பலன் ஆறாவது ஓட்டத்தில் தெரிகிறது.

இப்போது முதல் இரண்டு கட்டங்களும் ஒரே கதையைச் சொல்கின்றன. பந்தயத்தின் முதல் ஒன்பது நிமிடங்களில் கணக்கு மீறிச் செலவு செய்திருக்கிறார்.

ஆறாம் படி: ஸ்லெட்டைத் தனியாக வையுங்கள்

ஸ்லெட் நேரத்தை வேறு நகரத்தின் ஸ்லெட் நேரத்தோடு ஒப்பிடாதீர்கள். எடை ஒன்றே ஆனாலும் தரைவிரிப்பின் உராய்வு இடத்துக்கு இடம் மாறும். ஒரே அரங்கில் பாதைக்குப் பாதை மாறுவதாகவும் வீரர்கள் சொல்வதுண்டு. அன்றைய அண்டை வீரர்களோடு மட்டுமே ஒப்பிடுங்கள்.

காணொளி இருந்தால் 50 மீட்டரை நான்கு 12.5 மீட்டர் துண்டுகளாக வெட்டி நேரம் எடுங்கள். 3:10 என்பது 35, 40, 55, 60 நொடி என்று பிரிந்தால், பாதியில் நின்று நின்று தள்ளியிருக்கிறார் என்று அறியலாம். நான்கும் 47 நொடி அளவில் இருந்திருந்தால் மொத்த நேரம் அதேதான்; ஆனால் கால்கள் வேறு நிலையில் இருந்திருக்கும். இழுக்கும்போது கவனிக்க வேண்டியது கயிறு. இழுத்த கயிறு காலடியில் சிக்குகிறதா, பின்னால் நகர்ந்து உடல் எடையால் இழுக்கிறாரா, கைகளால் மட்டும் இழுக்கிறாரா? நம் வீரரின் 15 நொடி இங்கேதான் இருக்கும். இது பழக்கத்தால் திருத்தக்கூடியது.

ஏழாம் படி: ராக்ஸ் ஸோன்

எட்டு முறை உள்ளே வந்து, ஏழு முறை ஓட்டத்துக்குத் திரும்புகிறோம். ஆக 15 முறை கடக்கிறோம். 7:35-ஐ 15-ஆல் வகுத்தால் ஒரு முறை கடக்க முப்பது நொடி. அண்டை வீரர்களுக்கு 27 நொடி. மூன்று நொடி வித்தியாசம் சிறியதாகத் தெரியலாம். 15 முறை சேர்ந்தால் 45 நொடி.

விரிவான முடிவுப் பக்கத்தில் ஒவ்வொரு நுழைவுக்கும் வெளியேற்றத்துக்கும் தனி நேரம் கிடைக்கும். அதில் பாருங்கள்: உள்ளே வரும்போது மெதுவாகிறாரா, வெளியே போகும்போதா? வெளியேறும்போது என்றால் ஸ்டேஷனில் தன்னைத் தீர்த்துவிட்டு நடக்கிறார். நுழையும்போது என்றால் ஸ்டேஷனைக் கண்டு தயங்குகிறார், அல்லது எந்தப் பாதை காலி என்று தேடுகிறார். ஏதாவது ஒரே ஒரு முறை மட்டும் கடக்கும் நேரம் ஒரு நிமிடத்தைத் தாண்டினால் தண்ணீர் மேசைதான் காரணமாக இருக்கும். உடலை வருத்தாமல் கிடைக்கும் நேரம் இது ஒன்றே. இதைக் கண்டுகொள்ளாமல் வாட் கணக்கு போடுபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

எட்டாம் படி: காணொளியில் ஓய்வை எண்ணுங்கள்

நம் வீரரின் வால் பால் காணொளி கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். கையில் ஒரு தாள். எறிதல்களை ஒரு பக்கம், நிறுத்தங்களை மறுபக்கம் குறியுங்கள்.

முதல் 25 இடைவிடாமல் போகிறது. பிறகு 12, 10, 8. மீதி 45 எறிதல்களும் நான்கு நான்காக, மூன்று மூன்றாக உடைகின்றன. மொத்தம் 16 தொகுதிகள், 15 நிறுத்தங்கள். நடுவர் ஆறு எறிதல்களைச் செல்லாது என்கிறார். நான்கில் பந்து இலக்குக்குக் கீழே பட்டது, இரண்டில் இடுப்பு போதிய அளவு தாழவில்லை. ஆக 106 எறிதல்கள். ஒன்றுக்கு 2.1 நொடி என்றால் வேலை நேரம் 223 நொடி. மொத்தம் 460 நொடி. மிச்சம் 237 நொடி ஓய்வு. நிறுத்தத்துக்குச் சுமார் 16 நொடி.

அவர் எறியும் வேகத்தில் எந்தக் குறையும் இல்லை என்பதைக் கவனியுங்கள். நேரத்தில் பாதிக்கு மேல் பந்து தரையில்தான் கிடந்திருக்கிறது. நிறுத்தங்களில் அவர் என்ன செய்கிறார் என்றும் பாருங்கள். முழங்காலில் கை ஊன்றிக் குனிகிறாரா, தோளை உதறுகிறாரா, வாய் திறந்து மூச்சு வாங்குகிறாரா? தொடையைப் பிடிப்பவருக்குக் காலில் பிரச்சினை. தோளை உதறுபவருக்குத் தோளில். நம் வீரர் தொடையைப் பிடிக்கிறார்.

பத்துப் பத்தாக எறிந்து ஒன்பது முறை 15 நொடி மட்டும் நின்றிருந்தால், செல்லாத எறிதல்களும் இல்லாவிட்டால், 5:45-இல் முடித்திருப்பார். களைப்புக்கு இடம் கொடுத்து 6:20 என்று வைத்தாலும் 80 நொடி மிச்சம்.

ஒன்பதாம் படி: இதயத்துடிப்பு

மார்புப் பட்டையில் பதிவானால் மட்டும் இந்தப் படிக்கு வாருங்கள். கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கும் ஸ்லெட், ரோயிங், கேரி ஆகியவற்றில் மணிக்கட்டு உணரி தடுமாறும்; அந்த வரைபடத்தை வைத்து முடிவெடுத்தால் தவறுவீர்கள்.

நம் வீரரின் உச்சத் துடிப்பு 188 என்க. முதல் ஓட்டத்தின் முடிவில் 172, ஸ்கை முடிவில் 178. அதாவது பத்தாவது நிமிடத்துக்குள் உச்சத்தின் 95 விழுக்காட்டைத் தொடுகிறார். ஐந்தாவது ஓட்டத்தில் 177. எட்டாவது ஓட்டத்தில் வேகமும் குறைகிறது, துடிப்பும் 168-ஆகக் குறைகிறது. இதயம் இன்னும் உழைக்கத் தயார், கால்கள் கேட்கவில்லை. வேகம் குறைந்தும் துடிப்பு குறையாமல் இருந்திருந்தால் வெப்பம், நீரிழப்பு பக்கம் தேடியிருக்க வேண்டும்.

பத்தாம் படி: இரண்டு சந்தேகங்களைப் பிரிக்கும் சோதனை

இப்போது கையில் இரண்டு விளக்கங்கள் இருக்கின்றன. ஒன்று, முதல் பத்து நிமிடத்தில் அதிகம் செலவழித்ததால் கடைசியில் கால்கள் ஓய்ந்தன. மற்றொன்று, எப்படித் தொடங்கினாலும் லஞ்சுக்குப் பிறகு வால் பால் எறியும் அளவுக்கு அவருடைய தொடைகளுக்குத் தாங்கும் திறன் இல்லை. முடிவுப் பட்டியலை எத்தனை முறை பார்த்தாலும் இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. பயிற்சிக்கூடத்தில்தான் பிரிக்க முடியும்.

பந்தயத்துக்குப் பிறகு உடல் முழுதாக மீண்டதும், நன்கு ஓய்வெடுத்த ஒரு நாளில், 20 கிலோ சாண்ட்பேக்கோடு 100 மீட்டர் லஞ்ச், உடனே 5:30 வேகத்தில் ஒரு கிலோமீட்டர், உடனே 100 வால் பால். வேறொரு நாளில் எதுவும் செய்யாமல் புத்துணர்வோடு 100 வால் பால் மட்டும்.

இரண்டாவது சோதனையிலேயே ஏழு நிமிடம் பிடித்தால் எறியும் முறையையும் அடிப்படை வலுவையும் திருத்த வேண்டும், மற்றதெல்லாம் பிறகு. அதில் 4:50 வந்து, முதல் சோதனையில் ஏழு நிமிடத்தைத் தொட்டால் தொடைகளின் தாங்குதிறனில் குறை. லஞ்சையும் வால் பாலையும் சேர்த்தே பழக வேண்டும். இரண்டிலும் நன்றாக, அதாவது 4:50, 5:40 என்று வந்தால் தசைகளைக் குறை சொல்ல இடமில்லை. குற்றவாளி தொடக்கம்தான்.

நம் வீரருக்குக் கடைசியாகச் சொன்னதே வந்தது என்று கொள்வோம். வால் பாலில் 65 நொடி இழந்த ஒருவருக்குத் தேவைப்படும் முதல் மருந்து, முதல் கிலோமீட்டரை மெதுவாக ஓடுவது. முடிவுப் பட்டியலை மட்டும் பார்த்த யாரும் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பதினோராம் படி: அடுத்த பந்தயத்துக்கான தாள்

அலசலின் விளைவை அரைப் பக்கத்தில் எழுதுங்கள். நம் வீரருக்கு அது இப்படி இருக்கும். முதல் ஓட்டம் 5:05. அதைவிட வேகமாகப் போகக் கூடாது. ஸ்கை 4:30. நடு ஆறு ஓட்டங்களும் 5:20-ஐ ஒட்டி. ஸ்லெட் இழுத்தல் 5:15. எட்டாவது ஓட்டம் 5:45. வால் பால் பத்துப் பத்தாக, 6:20. ராக்ஸ் ஸோன் 6:50. ஸ்டேஷனை விட்டு வெளியேறிய உடனே மெல்லோட்டம், தண்ணீருக்கு இரண்டே இடங்கள். மற்றவை பழையபடி.

கூட்டிப் பாருங்கள். தொடக்கத்தில் முதல் ஓட்டத்தில் 30 நொடி, ஸ்கையில் 10 நொடி என்று 40 நொடியை விட்டுக்கொடுக்கிறார். நடு ஓட்டங்களில் 35, கடைசி ஓட்டத்தில் 20, இழுப்பதில் 15, ராக்ஸ் ஸோனில் 45, வால் பாலில் 80 என்று 195 நொடி திரும்பக் கிடைக்கிறது. நிகர லாபம் 155 நொடி. புதிய நேரம் 1:26:25. உடல் வலுவில் ஒரு துளி மாற்றமும் இல்லாமல்! இதற்கு மேல் வேண்டும் என்றால் 10 கிலோமீட்டர் வேகத்தைக் கூட்ட வேண்டும். அதற்கு மாதங்கள் ஆகும்.

பந்தய நாளில் முதல் ஓட்டத்தை அடக்குவது சொல்வதற்கு எளிது, செய்வதற்குக் கடினம். இசை, ஒளி, ஒன்றாகக் கிளம்பும் கூட்டம் எல்லாம் இழுக்கும். எனவே வேகத்தைக் கண்காணிக்க ஜிபிஎஸ்ஸை நம்பாமல், ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை சுற்று என்று முன்னரே கேட்டறிந்து, ஒரு சுற்றுக்கு எத்தனை நொடி என்று கையில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டரைச் சுற்று என்றால் 5:05-க்குச் சுற்றுக்கு 122 நொடி.

டபுள்ஸ் ஆடுபவர்களுக்கு

டபுள்ஸில் இருவரும் எட்டு ஓட்டங்களையும் சேர்ந்தே ஓடுகிறார்கள். ஸ்டேஷன் வேலையை மட்டும் தங்களுக்குள் பிரித்துக்கொள்கிறார்கள். எனவே ஓட்ட நேரம் இருவரில் மெதுவானவருடைய நேரம். வேகமானவரின் ஓட்டத்தை அதிலிருந்து அலச முடியாது. அங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஓட்டத்தில் பின்தங்குபவர், அடுத்த ஓட்டத்தைக் கெடுக்கும் ஸ்டேஷன்களில் எத்தனை பங்கு எடுத்தார்? ஸ்லெட் தள்ளுதலையும் லஞ்சையும் சரிபாதியாகப் பிரித்த ஜோடிகளின் மூன்றாவது, எட்டாவது ஓட்டங்களைப் பாருங்கள். அவை மட்டும் தனியாகச் சரிந்திருந்தால், அடுத்த முறை அந்த இரண்டு ஸ்டேஷன்களிலும் வேகமான ஓட்டக்காரர் முக்கால் பங்கை ஏற்கட்டும். ஸ்கையிலும் ரோயிங்கிலும் மற்றவர் ஈடு செய்யலாம்.